டாக்கோ பெட்டி 449 ரூபாய், அம்மாவின் சுண்ணாம்பு டப்பா இலவசம்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போன மாதம் மழையோடு மழையாக வந்து இறங்கினாள். பையில் துணிமணிக்கு மேலே இரண்டு அட்டைப்பெட்டி. ஒன்றில் டாக்கோ, இன்னொன்றில் ஃபஹீத்தா. இரண்டும் மெக்சிகோ பாணிச் சாப்பாடு, வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டி.

"அப்பா, ரூமுக்கு வர்றவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் சப்பாத்தி குருமா, தோசை சட்னி. ஒரு நாளைக்கு இதைப் போட்டுப் பாருங்களேன். இருபதே நிமிஷம்."

பெட்டியிலும் அதையேதான் அச்சடித்திருந்தார்கள். 20 நிமிடம், 4 பேர். பக்கத்தில் ஒரு சிவப்பு மிளகாய் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தது.

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் மூன்று அறை வைத்து நடத்துகிறோம். சமையல் நான், கணக்கு என் மனைவி. சமையல் எனக்குப் பரம்பரைச் சொத்து. எங்கப்பா பங்களாவில் பட்லராக இருந்தவர். அமெரிக்க மிஷனரிகள் 1845லேயே மதுரை வெயிலுக்கு அஞ்சி இந்த மலைக்கு வந்து பங்களா கட்டியவர்கள். அவர்கள் வழியில் வந்த ஒரு குடும்பத்துக்குத்தான் அப்பா 1970களில் ஒவ்வொரு கோடையும் குசினியைப் பார்த்துக்கொண்டார். ஆகவே டாக்கோ என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. பெட்டிதான் புதிது.

முதலில் பெட்டி வந்து சேர்ந்த கோலம். பழனி வழியாகப் பேருந்தில் ஏறி வந்தது. மசாலா பாக்கெட்டும், சால்சா என்கிற தக்காளித் துவையல் பாக்கெட்டும் பலூனாக உப்பியிருந்தன. அது அவர்கள் குற்றமில்லை. எங்கள் ஊர் 7,000 அடி உயரம். காற்றழுத்தம் குறையக் குறைய, அடைத்து வைத்த பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரியும். சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வரும் முன்பே தலையணை ஆவதை இங்கே எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் 12 டாக்கோ ஓடுகளில் 5 உடைந்து கிடந்ததை மன்னிக்க முடியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு போதாது.

அந்த வளைந்த, மொறுமொறு ஓடு மெக்சிகோக்காரர்கள் அன்றாடம் தின்னும் பண்டமில்லை. அது அமெரிக்காவில் வளர்ந்த பழக்கம். மெக்சிகோவில் டாக்கோ என்றால் மெத்தென்ற மக்காச்சோள ரொட்டி, கையில் மடித்துத் தின்பது. ஃபஹீத்தாவும் டெக்சாஸ் எல்லைப்புற மாட்டுப்பண்ணை ஆட்களின் சாப்பாடு. மாட்டின் வயிற்றுப்பக்கத் தசைப்பட்டையைக் குறிக்கும் சொல் அது. பெட்டியில் கோழிப் படம் போட்டிருந்தது. அதை விட்டுவிடுவோம், நாமும் கோழிதானே போடப்போகிறோம்.

பெட்டிக்குள் என்ன இருந்தது? டாக்கோ பெட்டியில் ஓடுகள், ஒரு மசாலா பாக்கெட், ஒரு சால்சா பாக்கெட். ஃபஹீத்தா பெட்டியில் ஓட்டுக்குப் பதில் 8 கோதுமை டார்ட்டியா, அதாவது மெல்லிய ரொட்டி. தீர்ந்தது. பின்பக்கம் எறும்பு எழுத்தில், நீங்கள் சேர்க்க வேண்டியவை என்று ஒரு வரிசை: அரைக் கிலோ கோழி, வெங்காயம், குடைமிளகாய், தக்காளி, சீஸ், இலைக்கோசு (லெட்டூஸ்). கல்யாண வீட்டுக்குப் போனால் இலையும் உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டு, மற்றதை நீங்களே கொண்டுவந்திருப்பீர்கள் என்று நினைத்தோம் என்றார்களாம், அது மாதிரி.

மகளும் நானும் ஃபஹீத்தாவில் தொடங்கினோம். கோழியைக் கழுவி, எலும்பு நீக்கி, நீளமாக நறுக்கி, வெங்காயம் குடைமிளகாய் வெட்டி, மசாலா தூவிப் புரட்டி மேசைக்கு வர 50 நிமிடம். 20 நிமிடம் என்பது எல்லாவற்றையும் வேறு யாரோ வெட்டி வைத்த பிறகு பற்றவைத்த அடுப்பின் கணக்கு.

ருசி? டார்ட்டியா நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மெல்லிசு, வெண்மை, மடித்தால் விரியவில்லை. மசாலா பாக்கெட்டில் முதலில் நாக்கில் பட்டது உப்பு, அடுத்தது சர்க்கரை, கொஞ்சம் பொறுத்துச் சீரகம். மிளகாய் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. சால்சா தக்காளி ஜாமுக்குச் சித்தப்பா பிள்ளை. பாக்கெட்டில் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்த வரிசையைப் படித்துப் பார்த்தேன். மசாலாவில் முதலிடம் மக்காச்சோள மாவுப்பொருள், இரண்டாவது உப்பு, மூன்றாவது சர்க்கரை. மிளகாய்த்தூள் நான்காவதாக வந்து நிற்கிறது. சால்சாவில் தக்காளிக்கும் தண்ணீருக்கும் அடுத்து சர்க்கரை.

மறுநாள் சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பத்துக்கு டாக்கோ பெட்டியைப் பிரித்தோம். பெரியவர்கள் மரியாதைக்கு, "நல்லாருக்குங்க" என்றார்கள். அவர்களுடைய ஏழு வயதுப் பையன் மட்டும் உள்ளே வைத்த கோழியை வழித்துத் தட்டில் ஒதுக்கிவிட்டு, வெறும் ஓட்டை அப்பளம் மாதிரி நொறுக்கித் தின்றான். அந்தப் பெட்டிக்கு அதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது. மிச்சமிருந்த இரண்டு ஓட்டை டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். இந்த ஊர் மூடுபனிக்கு டப்பா எம்மாத்திரம், காலையில் நமத்துப்போய்ச் செருப்புத் தோல் ஆகிவிட்டது.

அம்மாவுக்கு வயது 78. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு டார்ட்டியாவில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். "மைதா சப்பாத்தியப் போட்டு நானூத்தம்பது ரூவா வாங்கிட்டானா? ஒங்கப்பா இதைக் கோதுமையிலயே செஞ்சு துரைசாணிகிட்ட நல்ல பேரு வாங்குனாரு."

உண்மைதான். அப்பா சுட்டது சப்பாத்திதான். உள்ளே ஆட்டுக்கறிக் கொத்து. இலைக்கோசு கிடைக்காத நாளில் கேரட் துருவல். ஓரிகானோ தீர்ந்துபோனால் ஜன்னலோரத் தொட்டியிலிருந்து கற்பூரவல்லி இரண்டு இலை. சளிக்குக் கஷாயம் வைக்கிற இலையைக் கறியில் போடுகிறாரே என்று அம்மா அப்போதே சண்டை பிடித்தாராம். ஆனால் அப்பா கை வைத்த இடம் சரியான இடம். கற்பூரவல்லியை வெளிநாடுகளில் மெக்சிகோ புதினா என்றும் கியூபா ஓரிகானோ என்றும் சொல்கிறார்கள். பெட்டி மசாலாவுக்கு அந்த ஒரு இலையின் வாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். இத்தனை வருஷம் போகிற சந்தைதான், அன்றைக்குத்தான் வேறு கண்ணால் பார்த்தேன். தக்காளி, மிளகாய், பீன்ஸ், மக்காச்சோளம், பட்டர் ஃப்ரூட் (அவகாடோ), எல்லாம் மெக்சிகோ பக்கத்தில் பிறந்தவை. நாம் கூட்டு வைத்துக் கூட்டு வைத்து அலுத்துப்போன சௌசௌகூட அந்த ஊர்க்காரர்தான், பேரும் அங்கே சாயோத்தே. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் மிளகாய் வந்து இறங்கும் வரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். மறுபக்கம், பெட்டி மசாலாவில் தூக்கலாகத் தெரிகிற சீரகமும், மேலே தூவச் சொல்லும் கொத்தமல்லியும், பிழியச் சொல்லும் எலுமிச்சையும் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனவை. பாதி மெக்சிகோ நம் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறது, நான் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சால்சா ஐந்து நிமிட வேலை. நாலு தக்காளி, ஒரு வெங்காயம், தோலோடு ஐந்து பல் மலைப்பூண்டு, இரண்டு பஜ்ஜி மிளகாய், ஒரு பச்சை மிளகாய். எண்ணெய் விடாமல் காய்ந்த இரும்புக்கல்லில் போட்டு, தோல் கருகும் வரை விட வேண்டும். நம் ஊர்ப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காரமும் வாடையும் கீழ்நாட்டுப் பூண்டில் வராது, இரண்டு பல் குறைத்தே போடலாம். பிறகு அம்மியில் உப்போடு ஒன்றிரண்டாக நசுக்கிக் கொத்தமல்லி, எலுமிச்சை. சுட்ட தக்காளித் துவையலில் தாளிப்பை விட்டுவிட்டால் அதுதான் சால்சா. மெக்சிகோ பாட்டிமாரிடமும் அம்மி உண்டு. மெட்டாத்தே என்று பேர், மூன்று கால், குழவி வைத்து முன்னும் பின்னும் இழைப்பது. மிக்ஸியில் அடித்தால் நுரைத்து இளஞ்சிவப்பாகிவிடும். பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டாம்.

பீன்ஸ் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். காய்ந்த ராஜ்மாவை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும், கட்டாயமாக. இங்கே தண்ணீர் 93 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் குதித்தாலும் ராஜ்மா உள்ளே கல்லாகவே நிற்கும். அரைவேக்காட்டு ராஜ்மா வெறும் ருசிக்கேடு மட்டுமில்லை. அதில் இருக்கும் ஒரு புரதம் நன்றாகக் கொதித்து அழியாவிட்டால் வாந்தி பேதி வரை கொண்டுபோய்விடும். நான் எட்டு விசில் விடுவேன். பருவத்தில் பச்சை பட்டர் பீன்ஸ் கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம், மூன்று விசில். வெந்ததை மத்தால் கடைந்து, பூண்டு தாளித்த எண்ணெயில் போட்டுச் சுருளக் கிளறினால் அவர்கள் ரெஃப்ரீத்தோஸ் என்கிற பண்டம் தயார்.

பட்டர் ஃப்ரூட்டுக்குத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. காப்பித் தோட்டத்து நிழலுக்கு நட்ட மரத்தில் காய்த்துக் கிடப்பது. நாம் சர்க்கரையும் பாலும் போட்டு அடித்தே பழகிவிட்டோம். உப்பு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு மசித்துப் பாருங்கள். அரிசிப் பானைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்த பழமாக இருக்கட்டும், விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

கோதுமை டார்ட்டியா சப்பாத்தி தெரிந்தவர்களுக்கு அரை நாள் பாடம். இரண்டு கப் மைதா, நாலு மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், முக்கால் கப் சுடுதண்ணீர். கொழுப்பை மாவோடு விரலால் பிசிறிய பிறகுதான் தண்ணீர். அரை மணி நேரம் ஓய்வு. கல் புகைகிற சூட்டில் இருக்க வேண்டும், பக்கத்துக்கு அரை நிமிடம் போதும், எண்ணெய் தடவக் கூடாது. சுட்டதும் துணியில் பொதிந்துவிடுங்கள், அந்த ஆவிதான் மெதுமை. எட்டு டார்ட்டியாவுக்கு மாவு, வெண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து எனக்கு 50 ரூபாய்க்குள் ஆனது.

இத்தனையும் செய்து முடித்த பிறகும் ஒரு அரிப்பு மிச்சம் இருந்தது. கோதுமை அங்கே ஸ்பெயின்காரன் கொண்டுபோனது. அந்த ஊரின் சொந்த ரொட்டி மக்காச்சோளம். அதைச் செய்யாமல் 'நானே செய்தேன்' என்று எப்படிச் சொல்வது?

ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். "என்ன மாப்ள, கோழி வளர்க்கப் போறீங்களா?" என்றான். அந்தப் பக்கத்து மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கே போகிறது. மருந்து போடாத, வீட்டுக்கென்று காயவைத்த சோளமாகப் பார்த்து 5 கிலோ கொடுத்துவிட்டான். விதைக்கடைச் சோளத்தைத் தொட்டுவிடாதீர்கள், அதில் விஷ மருந்து பூசியிருப்பார்கள்.

வெறும் சோளத்தை அரைத்தால் மாவு சேராது, ரொட்டி உதிரும். மெக்சிகோக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைப்பது. தோல் கழன்றுவிடும், மாவுக்குப் பிடிமானம் வரும். இன்னொன்றும் நடக்கிறது: சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்கிற வைட்டமின் விடுபடுகிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய், சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்கிற தோல்நோய் வந்து, பைத்தியம் பிடிக்கிற வரை போனது. சோளத்தையே தின்று வாழ்ந்த மெக்சிகோ விவசாயிக்கு அது வரவில்லை.

சுண்ணாம்புக்கு நான் எங்கே போக? அம்மாவின் டப்பா.

"சோத்துல சுண்ணாம்பு போடுறவன எங்கடா பார்த்த?"

"வெத்தலையில போட்டுத் திங்குறீங்கல்லம்மா."

"அது வெத்தல."

முதல் தடவை ஒரு கிலோ சோளத்துக்கு டப்பாவில் பாதியை வழித்துப் போட்டுவிட்டேன். கெடுத்தேன். வெந்து வரும்போது வெள்ளையடித்த சுவரில் மழை பெய்த வாசம். எத்தனை கழுவியும் கசப்பு போகவில்லை, நாக்கு வெந்த மாதிரி ஆகிவிட்டது. அளவு இதுதான்: ஒரு கிலோ சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், தூளாக இருந்தால் 10 கிராம் சுண்ணாம்பு. ஈரமான வெற்றிலைச் சுண்ணாம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் 20 கிராம் வைத்துக்கொண்டேன். வாசனையோ நிறமோ கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பு. அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர்தான். கீழே ஊரில் முக்கால் மணி நேரம் போதும், இங்கே ஒன்றே கால் மணி நேரம் சிறுதீயில் வைத்தேன். சோளம் மஞ்சள் கிழங்கு நிறத்துக்கு மாறும், தோல் வழவழவென்று கையோடு வரும். இரவு முழுக்க அப்படியே ஊறவிட்டுக் காலையில் நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அரைப்பதில் இரண்டாவது சறுக்கல். கிரைண்டரில் இட்லி மாவு போல் தண்ணீர் விட்டுவிட்டேன். ரொட்டிக்குப் பதில் தோசை ஊற்றலாம் போலிருந்தது. வேட்டித்துணியில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து அவிழ்த்தால் கொழுக்கட்டை மாவுப் பதம். இப்போதெல்லாம் கை நனைத்துத் தெளிப்பதோடு சரி.

தட்டுவதற்குப் பூரி பிரஸ். மெக்சிகோவில் டார்ட்டியா தட்டும் கருவியும் அதே இரண்டு வட்டமும் ஒரு கைப்பிடியும்தான். கழுவிக் காயவைத்த பால் கவரை வெட்டி இரண்டு பக்கமும் வைத்து, எலுமிச்சை அளவு உருண்டையை அமுக்கினால் வட்டம் தயார். கல்லில் போட்டு இரண்டாவது முறை திருப்பும்போது லேசாக உப்பியது பாருங்கள், என் மனைவியைக் கணக்கு நோட்டோடு அடுப்படிக்கு ஓடிவர வைத்தது அந்த வாசம்தான். வறுத்த சோளமும் இல்லை, அவித்த சோளமும் இல்லை. மழை விட்ட மண்ணும் நெய்யும் கலந்த மாதிரி ஒன்று. இரண்டு பெட்டியையும் மோந்து பார்த்தவன் சொல்கிறேன், அந்த வாசம் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.

கணக்கு கேட்பீர்கள். ஒரு பெட்டி 449, கோழி காய்கறி சீஸ் சேர்த்து நாலு பேர் சாப்பாடு 830 ரூபாய். கையால் செய்தபோது அதே நாலு பேருக்கு 390. ஆனால் சோளரொட்டிக்கு முந்தின நாள் சாயங்காலமே அடுப்பேற்ற வேண்டும். அலுவலகம் போய் ஏழு மணிக்கு வீடு திரும்புகிற மகளிடம் போய் இதைச் சொன்னால் அடிப்பாள். அவளுக்கு நான் சொன்னது வேறு: பெட்டி வாங்காதே, டார்ட்டியா மட்டும் தனி பாக்கெட்டாக விற்கிறார்கள், அதை வாங்கு. மசாலாவுக்கு வறுத்த சீரகம், மல்லித்தூள், மிளகாய்த்தூள், உப்பு, பூண்டு, இரண்டு கற்பூரவல்லி. சால்சாவை ஞாயிற்றுக்கிழமை அரைத்துப் ஃப்ரிட்ஜில் வை, நாலு நாள் தாங்கும்.

குப்பையையும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியைப் பிரித்தால் அட்டை, பிளாஸ்டிக் தட்டு, மூன்று பளபள பாக்கெட். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் 20 ரூபாய் பசுமை வரி கட்டச் சொல்லும் ஊர் இது. அந்தப் பாக்கெட்டுகளை நான் எந்தக் கூடையில் போடுவது?

பெட்டிக்கு ஒரு நன்றிக்கடன் மட்டும் உண்டு. போன வாரம் இரவு ஒன்பதரைக்கு, மழையில் மரம் விழுந்து, மலைப்பாதையில் ஊத்து என்கிற இடத்துப் பக்கம் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்ட ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. மாவு தீர்ந்துபோயிருந்தது, சோறும் இல்லை. ஃபஹீத்தா பெட்டியில் மிஞ்சியிருந்த மூன்று டார்ட்டியாவைச் சுட வைத்து, முட்டை பொரித்து, சுட்ட தக்காளிச் சால்சாவோடு கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

அந்த டாக்கோ மசாலா பாக்கெட்டில் பாதி இன்னும் கிடக்கிறது. அம்மா நேற்று அவித்த வேர்க்கடலையில் தூவிப் பார்த்துவிட்டு, உப்பு ஜாஸ்தி என்று கழுவித் தின்றார். மச்சானிடம் அடுத்த நடைக்குப் பத்துக் கிலோ சோளம் சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்பு எனக்கென்று தனி டப்பா வாங்கியாகிவிட்டது. அம்மா தன்னுடையதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.